தின்றது பெரிய ஆமைதான், கொன்றது அதுதானா?

கேள்வி: எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்காக நான்கு சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள் வாங்கினோம். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, பாதியளவு தண்ணீர். தீனி, கடையில் கொடுக்கும் உலர்ந்த இறால் மட்டும். மார்கழி கடைசியில் ஒரு காலை, இருப்பதிலேயே சிறியது கழுத்தும் முன்னங்கால்களும் இல்லாமல் மிதந்தது. பெரியதன் வாயில் சதைத் துணுக்கு இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்துக் கிடந்தது. டெக்சாஸில் பெட்டி ஆமை வளர்க்கும் என் அண்ணன், "ஆமைகள் ஒன்றையொன்று தின்னும், என்னிடமும் நடந்தது" என்கிறார். மகள் பெரிய ஆமையின் பக்கம் போகவே மறுக்கிறாள். அதைக் கோட்டை அகழியில் விட்டுவிடலாமா?

பதில்:

அம்மா, அகழியில் விடாதீர்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது அவசரம் வேறு. உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மீதி இருப்பதில் நடுத்தரமானதற்கும் கண் வீங்கியிருக்கிறது, நாலைந்து நாளாகச் சாப்பிடவில்லை." மேலே சுருக்கியபோது அதை விட்டுவிட்டேன், ஏனென்றால் என் பதில் முழுவதும் அந்த வரியைப் பற்றியதுதான்.

பெரிய ஆமை சிறியதைத் தின்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது கொன்றது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. சிவப்புக் காது ஆமை, செத்ததைக் கண்டால் விடாத பிராணி. குளத்தில் செத்த மீன், தவளை, தண்ணீரில் விழுந்த பூச்சி எல்லாம் அதற்கு உணவு. பக்கத்தில் மிதக்கும் உடல் தன் இனத்தைச் சேர்ந்தது என்ற எண்ணம் அதற்கு இல்லை. இரவு பத்து மணிக்கு ஒன்று இறந்து, காலை ஆறு மணி வரை யாரும் பார்க்காவிட்டால், மற்றவை மென்மையான இடங்களைத் தேடிக் கடிக்கும். ஓட்டுக்கு வெளியே இருக்கும் கழுத்து, கால், கண், வால் ஆகியவைதான் முதலில் போகும். நீங்கள் பார்த்ததும் அதுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தேன். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்க, நான் இந்த ஊர்களிலேயே மாடும் ஆடும் பார்த்து ஓய்வு பெற்றேன். ஆமையைப் பற்றி எனக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். செத்த ஆமைகளை அறுத்துப் பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

அப்படி முதலில் கற்றது குடியாத்தத்தில். பள்ளி ஆசிரியர் ஒருவர் எவர்சில்வர் குண்டானில் ஓர் ஆமையையும், செய்தித்தாளில் சுற்றி இன்னோர் ஆமையின் உடலையும் கொண்டுவந்தார். உடலில் இரண்டு கால்கள் இல்லை. "இது அதைக் கொன்றுவிட்டது சார்" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். கால் இல்லாத உடலைப் பார்த்த பிறகு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. உயிரோடு இருந்ததைத் தனியாக வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் அதையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்று அறுத்துப் பார்த்தேன். நுரையீரல் முழுவதும் சீழ். அது ஒரு வாரத்தில் வந்த சீழ் இல்லை, பல வாரங்களாகச் சேர்ந்தது. அதே தொட்டி, அதே குளிர்ந்த தண்ணீர், அதே நோய். முதல் ஆமையையும் அறுத்துப் பார்த்திருந்தால் இரண்டாவதைக் காப்பாற்றியிருக்கலாம். குற்றவாளி என்று நான் திருப்பி அனுப்பியது ஒரு நோயாளியை. அந்தக் குண்டான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் நடந்தவை இரண்டு தனிச் சாவுகள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே காரணம் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்றின் உடல் இரவு முழுவதும் கிடந்ததால் கடிபட்டது. மற்றொன்று விடியற்காலையில் இறந்ததாலோ, நீங்கள் சீக்கிரம் பார்த்துவிட்டதாலோ முழுதாகக் கிடைத்தது. கண் வீங்கிய மூன்றாவதுக்கும் அதே காரணம் வந்துகொண்டிருக்கிறது.

முதல் ஆமையின் படம் கைபேசியில் இருந்தால், மகள் இல்லாத நேரத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடித்த காயத்தின் விளிம்பு சிவந்து வீங்கியிருக்கும், உறைந்த இரத்தம் ஒட்டியிருக்கும். செத்த பிறகு கடித்த இடம் வெளிறி, ஊறிய தோல் கிழிந்தது போல இருக்கும். தண்ணீர் இரத்தத்தைக் கழுவியிருக்கலாம், ஆனால் வீக்கத்தைக் கழுவ முடியாது. இன்னொன்றும் கேட்கிறேன். அதற்கு முந்தைய வாரங்களில் அந்தச் சிறிய ஆமையின் வால் நுனியிலோ கால் விரல்களிலோ காயம் இருந்ததா? பெரிய ஆமை சிறியதை உண்மையிலேயே தாக்கினால் அங்கேதான் தொடங்கும். வால் நுனி போகும், நகம் போகும், பின்கழுத்தில் கடித்த தடம் வரும். சிறியது தண்ணீருக்கு வெளியே ஏறி ஒடுங்கிக் கிடக்கும், தீனி போட்டால் கடைசியில்தான் வரும். இவை இல்லாமல் ஒரே இரவில் கழுத்தும் இரண்டு கால்களும் போவது, செத்த பிறகு நடந்த வேலை.

ஆமை ஆமையைக் கொல்லவே கொல்லாது என்று சொல்லவில்லை. குஞ்சையும் வளர்ந்ததையும் சேர்த்து வைத்தால் குஞ்சு இரையாகிவிடும். ஆண் ஆமை, முன்னங்காலில் நீண்ட நகம் வளர்ந்தது, பெண்ணை விடாமல் துரத்தித் தண்ணீருக்குள் அழுத்தி மூழ்கடித்துவிடுவதும் உண்டு. இடம் இல்லாத தொட்டியில் தோற்ற ஆமைக்கு ஓட வழியில்லை என்பதால் சாதாரணச் சண்டைகூட அங்கே கொடுமையாகிவிடும். உங்கள் தொட்டியில் ஆறு அங்குலமும் மூன்று அங்குலமும் சேர்ந்து இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. அது தவறுதான். ஆனாலும் இரண்டாவது சாவை அது விளக்கவில்லை.

அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் வளர்ப்பது முற்றிலும் வேறு பிராணி. பெட்டி ஆமை வட அமெரிக்காவின் தரை ஆமை. வயிற்றுப்பக்க ஓட்டில் கீல் போன்ற மடிப்பு இருப்பதால் பெட்டியை மூடுவது போலத் தன்னை முழுதும் மூடிக்கொள்ளும், அந்தப் பெயரும் அதனால்தான். மண்புழு, நத்தை, காளான், பழம், செத்த பிராணி என்று எல்லாம் தின்னும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். அவரிடம் ஒன்று கடிபட்டுக் கிடந்தது என்றால், நான் மற்ற ஆமைகளைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். குளிர்காலத்தில் மண்ணுக்குள் அசைவில்லாமல் கிடக்கும்போது எலி வந்து கால்களைக் கொறித்துவிடும். டெக்சாஸில் நெருப்பெறும்பு உண்டு. மயங்கிக் கிடக்கும் ஆமையை அது மொய்த்துவிடும். ஆண் பெட்டி ஆமை இணைசேர்ந்த பிறகு மல்லாக்க விழுந்து, திரும்ப முடியாமல் வெயிலில் இறப்பதும் நடக்கிறது. காயமே இல்லாமல் அடுத்தடுத்து இறந்தால், ரானா வைரஸ் என்று ஒன்று உண்டு. தவளைகளையும் ஆமைகளையும் தாக்கும். கண் இமை வீங்கி, வாய்க்குள் புண் வந்து, சில நாட்களில் கொன்றுவிடும். அமெரிக்கப் பெட்டி ஆமைகளில் இதனால் கூட்டமாகச் சாவுகள் நடந்திருக்கின்றன. "தின்னும், அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், அடுத்து இறந்தால் உடலைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதி இருப்பவற்றை அதுதான் காக்கும்.

உங்கள் தொட்டிக்குத் திரும்புவோம். நான்கு விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன.

குளிர் முதலாவது. வேலூர் என்றால் எல்லோரும் கத்திரி வெயிலை நினைப்பார்கள், நம் ஊர் மார்கழி இரவை ஆமையின் உடம்பிலிருந்து யாரும் நினைப்பதில்லை. ஆமைக்குச் சொந்தமாக உடல்சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உடம்பும். சிவப்புக் காது ஆமைக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். ஏறி உட்காரும் இடம் 30-க்கு மேல் இருக்க வேண்டும். மார்கழியில் இரவு வெப்பம் 20-க்குக் கீழே இறங்கும் ஊரில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சாண் ஆழத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த இந்த ஆமை அங்கே இதைவிடக் கடும் குளிரைத் தாங்குகிறது என்று அண்ணன் சொல்லலாம், சொன்னால் அது உண்மைதான். ஆனால் அங்கே குளிர் மெல்ல மெல்ல வந்து நிலையாக நிற்கும். ஆமை தின்பதை நிறுத்தி, குடலைக் காலி செய்துகொண்டு, குளத்தின் அடியில் ஒடுங்கிவிடும். நம் கூடத்தில் பகலில் 28, இரவில் 19. பகலில் தின்ற இறால் இரவில் செரிக்காமல் குடலில் அழுகும். நோய் எதிர்ப்பு படுத்துவிடும். நிமோனியா வந்துவிடும். ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, மூக்கில் குமிழி வருகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் அது நிமோனியாதான். இதை "விளையாடுகிறது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர்.

அடுத்தது வெயில் படாதது. ஆமை மணிக்கணக்கில் வெயிலில் கிடப்பது சோம்பலால் அல்ல. புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும், அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் அந்தக் கதிர் வடிக்கப்பட்டுவிடும். ஆகவே "வெளிச்சமான கூடம்" என்பது உதவாது. பெரிய ஆமையின் ஓட்டு விளிம்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நகம் போலக் கெட்டியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் டப்பா மூடி போல வளைந்தால் ஆபத்து.

மூன்றாவது, அந்த இறால். கடைக்காரர் கொடுத்த தீனிதானே என்று வாங்கினீர்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உலர்ந்த இறால் மட்டுமே தின்னும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறையும். கண் வீங்கி மூடிக்கொள்வதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். கண் தெரியாத ஆமை தீனியைப் பிடிக்காது, பட்டினி கிடக்கும். மூச்சுக்குழாயின் உள்தோலும் அதே குறையால் கெட்டுப்போவதால் நிமோனியாவுக்குக் கதவு திறந்துவிடும். அந்தக் கண்ணும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள்.

நான்காவது, தண்ணீரின் அளவு. ஓட்டு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லிட்டர் என்பது ஆமை வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நீங்கள் எழுதிய அளவுகளைக் கூட்டினால் நான்கும் சேர்ந்து 18 அங்குலம். மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டிகூடப் போதாது. இரண்டடித் தொட்டியில் பாதித் தண்ணீர் என்பது முப்பது லிட்டர்கூட இல்லை. அதிலேயே தின்று, அதிலேயே கழித்து, அதையே குடித்தன. அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறினால் கண்ணும் தோலும் எரியும், தோல் விரிசலில் கிருமி புகும். வயிற்றுப்பக்க ஓட்டில் இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். தினமும் தண்ணீர் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் காலையில் குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் அது ஆமைக்கு ஓர் அடி. காவிரிக் குடிநீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ, ஒரு நாள் வாளியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

இன்று மாலையே செய்ய வேண்டியவை. இரண்டையும் பிரித்துவிடுங்கள், தண்டனையாக இல்லை, நோய்க்காக. கண் வீங்கியதை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், ஓடு மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள், ஏறி உட்காரச் செங்கல் ஒன்று வையுங்கள். மேலே சாதாரண குண்டு பல்பு ஒன்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினால் செங்கல்மேல் 30 டிகிரி கிடைக்கும். மீன் கடையில் ஹீட்டர் வாங்கினால் அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடு போடுங்கள். ஆமை கண்ணாடி ஹீட்டரை மோதி உடைத்து மின்சாரம் பாய்ந்து செத்ததும் நான் பார்த்த சாவுகளில் ஒன்று. ஒரு வெப்பமானி கட்டாயம். கை வைத்துப் பார்த்து "சூடாகத்தான் இருக்கிறது" என்பது கணக்கில் சேராது. காலை எட்டு மணி வெயிலில் அரை மணி நேரம் மாடியில் வையுங்கள், பாதி இடம் நிழலாக இருக்கட்டும். சித்திரை வந்ததும் இதை நிறுத்துங்கள். சின்னத் தொட்டித் தண்ணீர் நம் ஊர் மாடியில் கொதிக்க நேரமாகாது, 40 டிகிரியை நெருங்கினால் ஆமை தாங்காது.

தீனியில் இறாலைத் தூக்கிப் போட வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் ஆக்குங்கள். நல்ல ஆமைத் தீனி வில்லைகளோடு முருங்கைக்கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய், எப்போதாவது முள்ளோடு சின்ன மீன் கொடுங்கள். கால்சியத்துக்கு விலை அதிகமான மருந்து தேவையில்லை. லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விட்டால் ஆமையே கடித்துக்கொள்ளும்.

மருத்துவரிடம் நாளையே காட்டுங்கள். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் நல்லவர்கள், ஆனால் ஆமையை ஆண்டுக்கு ஒன்று பார்ப்பதே அபூர்வம். ஆகவே இரண்டை நீங்களே பணிவாக நினைவூட்டுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் புழுவுக்காகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஆமைக்கு விஷம், வாதம் வந்து இறந்துவிடும். வைட்டமின் ஏ ஊசி அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும், தீனி வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. முடிந்தால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டு போய்விடுங்கள். பயணத்தில் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணி போட்ட அட்டைப்பெட்டி போதும்.

இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மூன்றாவதும் இறந்துவிட்டால் உடலைப் புதைக்காதீர்கள், உறைய வைக்கும் பெட்டியிலும் போடாதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து எதுவும் தெரியாமல் போகும். பாலித்தீன் உறைக்குள் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டி போட்டு, 24 மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். "காரணம் தெரியாத சாவு" என்று எழுதப்படுவதில் பெரும்பாலானவை, உடலை யாரும் திறந்து பார்க்காத சாவுகள். பெண் ஆமையாக இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். ஆண் துணை இல்லாமலேயே முட்டை உண்டாகும், மண் இல்லாத தொட்டியில் போட இடம் கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிடும். தொட்டியில் போட்ட கூழாங்கல்லை விழுங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே "நேற்று வரை நன்றாக இருந்தது" என்றுதான் தெரியும். ஆமை தன் நோயை வாரக்கணக்கில் காட்டாமல் வைத்திருக்கும் பிராணி.

அகழிக்கு வருகிறேன். சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்று என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. நம் ஏரிகளிலும் கிணறுகளிலும் பாலாமையும் காராமையும் இருக்கின்றன. கிணறு தூர்வாரும்போது பாலாமை கிடைத்தால் பத்திரமாகத் திரும்ப விடும் விவசாயிகளை அணைக்கட்டு ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். நம் ஆமைகளின் இடத்தையும் உணவையும் இது பிடுங்கிக்கொள்ளும். உங்கள் தொட்டியில் இருக்கும் நோய் எதுவானாலும் அதையும் அகழியில் விட்டதாகிவிடும். ஏரியும் கோயில் குளமும் அப்படித்தான். இதற்குப் பதிலாக நட்சத்திர ஆமை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆமையைத் தொட்ட பிறகு மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்கு வருவதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சின்ன ஆமை குளிரில் நோய் வந்து இறந்தது, பெரியதற்கு அது தன் தோழன் என்று தெரியாது, பசித்தது, தின்றது. பத்து வயதுக் குழந்தைக்கு இது புரியும். பிறகு அவள் கையில் ஒரு நோட்டையும், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு சின்னத் தராசையும் கொடுங்கள். வாரம் ஒரு முறை இரண்டு ஆமைகளின் எடை, காலை மாலை தண்ணீரின் வெப்பம், அன்று தின்றது என்ன என்று எழுதட்டும். முதல் எடையை இன்று இரவே போடச் சொல்லுங்கள். நாளை மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.